மனம் எதற்கு? புக்கிட் தீமாவிலிருந்து பிஎஸ்எல்இ வரை

(லிட்டில் இந்தியாவில் ஆசிரியர்கள், பெற்றோர் நிறைந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உளவியல் என்ற துறை தவழத் தொடங்கிய காலத்தில் செயற்பாட்டுவாதம் என்றொரு சிந்தனை மரபு எழுந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஏறத்தாழ 1890க்கும் 1910க்கும் இடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செழித்து, பிறகு தன் பெயரையே இழந்துவிட்ட மரபு அது. சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. அதன் வேரில் ஒரு நுனி இந்தத் தீவின் மண்ணுக்குள் ஓடுகிறது. அதன் கனிகளில் ஒன்று நம்மில் பலர் வீட்டுக்குள் வந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

1854 ஏப்ரல் மாதம் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வசதியான குடும்பத்துப் பிள்ளை இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் வாழ்ந்தவர். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். அப்போது அங்கே புலி நடமாட்டம் உண்டு. சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் பலகை அறுத்த காட்டுப் பகுதியில், விழுந்து கிடந்த மரங்களிலும் இலைகளிலும் தேடித் தேடி இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். ஒரு சிறு காட்டுக்குள் இத்தனை வகை எதற்கு, இந்த வண்டுக்கு இந்தக் கொம்பு எதற்கு, அதற்கு இந்த நிறம் எதற்கு என்ற கேள்விகளோடு இந்தத் தீவுக் கூட்டம் முழுக்க அலைந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1858இல், மலுக்குத் தீவுகளிலிருந்து டார்வினுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் டார்வின் எழுத்தும் வாலஸ் எழுத்தும் ஒரே அமர்வில் வாசிக்கப்பட்டன. உயிர்களின் உறுப்பும் இயல்பும் வாழ்க்கைப் போராட்டத்தில் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கும் பார்வை அன்று பிறந்தது.

அந்தப் பார்வையை மனத்தின் மீது திருப்பியதுதான் செயற்பாட்டுவாதம். கண்ணுக்கு ஒரு வேலை உண்டு, நகத்துக்கு ஒரு வேலை உண்டு என்றால், சிந்தனைக்கு என்ன வேலை? நினைவு எதற்கு? கவனம் எதற்கு? பயம் எதற்கு? வாலஸே பின்னாளில் மனித மனத்தை இந்தக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்; இயற்கைத் தேர்வால் அதை விளக்க முடியாது என்று 1870இல் எழுதினார். அவர் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்து வைத்தவர் வில்லியம் ஜேம்ஸ்.

ஜேம்ஸ் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். இளமையில் நீண்ட மனச்சோர்வில் கிடந்து எழுந்தவர். 1878இல் ஒரு பதிப்பாளருக்கு உளவியல் பாடநூல் எழுதித் தருவதாக ஒப்பந்தம் போட்டார். நூல் வெளிவர 12 ஆண்டுகள் ஆயின. 1890இல் இரண்டு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,400 பக்கங்களில் ‘உளவியலின் கோட்பாடுகள்’ வந்தது.

அந்த நூல் யாரோடு மல்லுக்கு நின்றது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879இல் வில்ஹெல்ம் வூன்ட் உளவியலுக்கு ஆய்வுக்கூடம் அமைத்தார். அவரிடம் படித்த எட்வர்ட் டிட்செனர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, வேதியியலார் பொருளைத் தனிமங்களாகப் பிரிப்பதைப் போல மனத்தையும் பிரிக்கப் பார்த்தார். பயிற்சி பெற்ற ஒருவர் தட்டில் உள்ள ஆப்பிளைப் பார்த்துவிட்டு, ‘ஆப்பிள்’ என்று சொல்லக் கூடாது. சிவப்பு, இவ்வளவு ஒளி, இவ்வளவு வளைவு என்று தன் உணர்வை மட்டும் சொல்ல வேண்டும். ஆப்பிள் என்று சொன்னால் அது பிழை. இப்படிக் கணக்கிட்டு 44,000க்கும் மேற்பட்ட அடிப்படை உணர்வுகளைப் பட்டியலிட்டார் டிட்செனர். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பசித்தவனுக்கும் பழ வியாபாரிக்கும் ஓவியனுக்கும் அதே ஆப்பிள் ஏன் வேறு வேறாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஜேம்ஸ் அந்த இடத்தில்தான் கைவைத்தார். சிந்தனை துண்டு துண்டாக வருவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார். லா.ச.ரா.வின் கதைகளைப் பேசும்போது நனவோடை உத்தி என்கிறோமே, அந்தக் கருத்து இலக்கியத்துக்குள் வந்தது ஜேம்ஸின் உளவியலிலிருந்துதான். அந்த ஓட்டம் சும்மா ஓடுவதில்லை, தேர்ந்தெடுக்கிறது. ஆயிரம் ஒலிகளுக்கு நடுவே ஒன்றைக் கேட்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நம் தேவை முடிவு செய்கிறது.

அந்நூலில் பழக்கம் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள பஃபலோ சாலைப் பூக்கடை முன் நின்று பாருங்கள். பூக்கட்டும் அம்மாவின் இடது கை விரல்கள் இரண்டு மல்லிகைக் காம்புகளைச் சேர்த்துப் பிடிக்கின்றன. வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறது. அடுத்து எதிர்ப்பக்கம் இரண்டு பூ. மறுபடியும் சுற்று, வளையம், இழுப்பு. கண் பூவில் இல்லை; எதிரே நிற்பவரின் முகத்தில் இருக்கிறது. ‘எத்தனை முழம்மா வேணும்?’ என்று தமிழில் கேட்கிறார், பக்கத்தில் நிற்கும் சீனப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விலை சொல்கிறார், சில்லறையை எண்ணி வாங்குகிறார். கை நிற்பதில்லை. தொழில் பழகிய முதல் மாதத்தில் அவருடைய முழு மனமும் அந்த முடிச்சுக்குள்தான் இருந்திருக்கும். இன்று முடிச்சை நரம்புகளிடம் ஒப்படைத்துவிட்டு மனம் வியாபாரத்துக்கு வந்துவிட்டது. வாடிய பூ ஒன்று விரலில் பட்டால், அல்லது யாராவது வழக்கமில்லாத ஒரு மாலை கேட்டால், அந்தக் கணத்தில் பார்வை கைக்குத் திரும்புகிறது.

ஜேம்ஸின் வாதம் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. தெரிந்த வேலையைப் பழக்கம் பார்த்துக்கொள்கிறது. புதிது வரும்போது, சிக்கல் வரும்போது, தேர்வு செய்ய வேண்டி வரும்போது நனவு விழித்துக்கொள்கிறது. நனவின் வேலை அதுதான். இளமையிலேயே எவ்வளவு நல்ல செயல்களைப் பழக்கத்தின் பொறுப்பில் விட முடியுமோ, அவ்வளவுக்கு மனம் உயர்ந்த வேலைகளுக்கு விடுதலை பெறும் என்று ஆசிரியர்களுக்குச் சொன்னார் ஜேம்ஸ். புதிய பழக்கத்தை உறுதியோடு தொடங்கு, வேரூன்றும்வரை ஒருநாளும் விலக்குக் கொடுக்காதே, எண்ணியதைச் செய்யக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே செய்துவிடு என்பது அவர் அறிவுரை. 130 ஆண்டு கழித்தும் அதில் திருத்த எதுவுமில்லை என்பது என் கருத்து.

பக்தியையும் அவர் இப்படியே அணுகினார். எடின்பரோவில் 1901, 1902இல் ஆற்றிய உரைகளில், ஒருவரின் சமய அனுபவம் எந்த நரம்பிலிருந்து வந்தது என்று தோண்டுவதைவிட, அது அவர் வாழ்வில் என்ன விளைவித்தது என்று பாருங்கள் என்றார். அந்த உரைகளில் விவேகானந்தரைக் குறிப்பிடுகிறார். அவரை நேரிலும் அறிந்திருந்தார். தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில்வரை காவடி தூக்கி நடப்பவரிடம் வலியின் உடலியலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புபவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். அந்த நடைக்குப் பிறகு அவர் குடிப்பதை விட்டாரா, அண்ணன் தம்பியோடு பேசத் தொடங்கினாரா, மனம் அமைதியடைந்ததா என்பது மறுபாதி.

ஜேம்ஸ் விதைத்தார், சிகாகோவில் முளைத்தது. 1894இல் ஜான் டூயி அங்கே போனார். இரண்டு ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இந்த மரபின் உயிர்நாடி. எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்: குழந்தை சுடரைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுட்டுக்கொள்கிறது, கையை இழுத்துக்கொள்கிறது. பழைய விளக்கம் இதைத் தனித்தனித் துண்டுகளாக அறுத்தது. ஒளி ஒரு தூண்டல், கை நீட்டல் அதற்கு எதிர்வினை. சூடு ஒரு தூண்டல், கை இழுத்தல் எதிர்வினை. டூயி கேட்டார்: குழந்தை வெறும் ஒளியையா பார்த்தது? எட்டிப் பிடிப்பதற்காகப் பார்த்தது. பார்வையும் கையும் ஒரே செயலின் இரு பகுதிகள். சுட்டுக்கொண்ட பிறகு அந்தக் குழந்தை மறுபடி சுடரைப் பார்க்கும்போது பார்வையே மாறிவிட்டது. இப்போது அது ‘சுடும் ஒளி’. ஆகவே கற்றல் என்பது தலைக்குள் ஒன்றைச் சேர்த்து வைப்பது என்ற எண்ணம் போதாது. உலகத்தோடு குழந்தை நடத்தும் கொடுக்கல் வாங்கலே மாறுவதுதான் கற்றல். கார்த்திகை தீபத்தன்று வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே 1896இல் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். சமைக்கும்போது அளவை வந்தது, அளவையிலிருந்து கணக்கு வந்தது. எழுத வேண்டிய தேவை வந்தபோது எழுத்து வந்தது. அறிவு பிறக்க ஒரு வேலை வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

இந்த மரபுக்குப் பெயர் வைத்தது எதிரணிதான். 1898இல் டிட்செனர் தன் உளவியலை அமைப்பு உளவியல் என்றும் மற்றதைச் செயற்பாட்டு உளவியல் என்றும் பிரித்தார். இரண்டையும் இணைக்க முடியும் என்று 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக நின்று வாதாடியவர் மேரி விட்டன் கால்கின்ஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஜேம்ஸிடம் படித்தவர். முனைவர் பட்டத்துக்கான தேர்வில் தேறியும், பெண் என்பதால் அவருக்கு ஹார்வர்ட் பட்டம் தர மறுத்தது. கடைசிவரை தரவில்லை. அடுத்த ஆண்டு அதே மேடையில் சிகாகோவின் ஜேம்ஸ் ரோலண்ட் ஏஞ்சல் இந்த மரபின் கொள்கையை வகுத்துச் சொன்னார். மனம் எப்படி, எதற்காக இயங்குகிறது என்று கேட்க வேண்டும். உயிரின் தேவைக்கும் சூழலுக்கும் நடுவே நனவு என்ன பணி செய்கிறது என்று பார்க்க வேண்டும். உடலையும் மனத்தையும் பிரித்து வைக்கக் கூடாது என்றார்.

இந்தியாவுக்கும் ஒரு கிளை வந்தது. ஜேம்ஸ் ஹார்வர்டுக்கு அழைத்து வந்த ஹ்யூகோ மியூன்ஸ்டர்பெர்க், டிராம் ஓட்டுநர்களின் கவனத்தைச் சோதித்துத் தொழில் உளவியலுக்கு வழி திறந்தவர். அவரிடம் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை நடத்தத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறையின் தொடக்கம் அங்கேதான்.

பெண்களுக்கு இந்த மரபு செய்த நன்மையை நான் உயர்வாக மதிக்கிறேன். ‘இயல்பிலேயே பெண்ணின் அறிவு குறைவு’ என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சிகாகோவில் ஏஞ்சலின் மாணவி ஹெலன் தாம்சன் 25 ஆண்களையும் 25 பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து அளந்து பார்த்தார். வேறுபாடு சிறிது, அதற்கும் பெரும்பாலும் வளர்ப்பே காரணம் என்று 1903இல் வெளியிட்டார். மாதவிலக்கு நாள்களில் பெண்ணின் வேலைத்திறன் குறைகிறது என்ற நம்பிக்கையை லீட்டா ஹாலிங்வொர்த் 1914இல் சோதித்தார். அப்படிக் குறைவு எதுவும் தென்படவில்லை. வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அளந்து பார்த்தால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று. அளவுகோலை நான் குறை சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

எட்வர்ட் தார்ன்டைக் ஹார்வர்டில் ஜேம்ஸின் மாணவர். கோழிக்குஞ்சுகள் எப்படிக் கற்கின்றன என்று பார்க்க விரும்பினார். அறைக்குள் குஞ்சு வளர்க்க வீட்டுக்காரம்மா சம்மதிக்கவில்லை, பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. ஜேம்ஸ் தன் வீட்டின் நிலவறையைக் கொடுத்தார். ஜேம்ஸின் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பிறகு தார்ன்டைக் கொலம்பியா போய், பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வர எத்தனை நொடி ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்தார். 1898இல் அது முனைவர் ஆய்வாக வந்தது. நல்ல பலன் தந்த செயல் பதிகிறது, பலன் தராதது உதிர்கிறது என்ற அவர் விதியைத்தான் விளைவு விதி என்கிறோம். இதுவரை எல்லாம் டார்வின், ஜேம்ஸ் வழிதான்.

அதன்பின் அவர் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார். உள்ள பொருள் எதுவானாலும் அது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது, ஆகவே அளக்கலாம் என்பது அவர் உறுதி. கையெழுத்தை அளந்தார், வாசிப்பை அளந்தார், கணக்கை அளந்தார். அதே கல்லூரியில் வில்லியம் மெக்கால் 1922இல் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட ஓர் அளவுகோல் அமைத்தார். மொத்த மாணவர்களின் சராசரியை 50 என்று வைத்துக்கொள்; சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை, மதிப்பெண்களின் பரவல் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் கூட்டு அல்லது கழி. அந்த அளவுகோலுக்கு ‘டி’ என்று பெயரிட்டார். தார்ன்டைக்குக்கும், நுண்ணறிவுச் சோதனை நடத்திய டெர்மனுக்கும் மரியாதையாக அவர்கள் பெயரின் முதலெழுத்து அது. அதற்கு அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் வயது பன்னிரண்டு.

ஆம், டி-ஸ்கோர். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், 2020வரை நம் பிள்ளைகள் வாங்கிய அதே டி-ஸ்கோர். பிஎஸ்எல்இ என்று நாம் அழைக்கும் அந்தத் தேர்வு சிங்கப்பூரில் 1960இல் தொடங்கியது. நான்கு பாடங்களின் டி-ஸ்கோர்களைக் கூட்டி வந்த எண்தான் உயர்நிலைப் பள்ளியின் கதவைத் திறந்தது அல்லது சாத்தியது. நியூயார்க்கின் ஆசிரியர் கல்லூரியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்ட ஒரு கணக்கு, தெம்பனிஸிலும் ஈசூனிலும் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு பாடத்தில் நாடு முழுவதற்குமான சராசரி 68, பரவல், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, 12 என்று கொள்வோம். உங்கள் மகள் 80 எடுக்கிறாள். சராசரிக்கு மேலே 12. அதாவது ஒரு முழுப் பரவல். 50உடன் 10 சேர்த்து டி-ஸ்கோர் 60. மகளின் உழைப்பிலோ அறிவிலோ எந்த மாற்றமும் வேண்டாம். அதே தாள், அதே விடைகள், அதே 80. மற்ற பிள்ளைகள் மட்டும் இன்னும் நன்றாக எழுதி, சராசரி 74 ஆகிவிட்டது. மேலே 6, அரைப் பரவல். டி-ஸ்கோர் 55. வீட்டில் விளக்கெரிய அவள் படித்த படிப்பு அப்படியே இருக்க, அடுத்த வீட்டுப் பிள்ளை படித்ததால் அவள் எண் குறைந்தது. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவுக்கு முன்னேறினாலும் சராசரி 50ஆகவே நிற்கும். ஒருவர் ஏற இன்னொருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இதில் எங்கே போயிற்று ஜேம்ஸின் கேள்வி? ஓர் உயிர் தன் உலகத்தில் வாழ மனம் என்ன செய்கிறது என்று கேட்ட மரபு அது. அந்தப் பிள்ளை கணக்கை வைத்து என்ன செய்கிறாள், எந்தச் சிக்கலில் நின்று யோசிக்கிறாள், எது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, எது இன்னும் ஆகவில்லை என்று ஆசிரியருக்கும் தாய்க்கும் சொல்வதற்கு அந்த எண்ணிடம் எதுவுமில்லை. வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் அது சொன்னது. செயற்பாட்டுவாதம் இரண்டு பிள்ளைகளைப் பெற்றது. ஒன்று டூயியின் பள்ளி. இன்னொன்று தார்ன்டைக்கின் அளவுகோல். உலகம் முழுக்கக் கல்வி நிர்வாகம் இரண்டாவதைத் தத்தெடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிரித்து அனுப்ப அது வசதி. நம் ஊரில் 1979இல் கோ கெங் சுவீ தலைமையில் வந்த அறிக்கை பிள்ளைகளைத் திறனுக்கேற்பப் பிரிக்கச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது: அப்போது பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் மிகுதி. அந்தப் பிரிவினை பலரைப் பள்ளியில் இருக்கவைத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வழக்கநிலை என்ற பெயரைச் சுமந்து நடந்த பிள்ளைகளை இந்த அவையில் பலர் வளர்த்திருக்கிறீர்கள். அவர்கள் தம்மைப் பற்றி என்ன பழக்கப்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ‘நான் படிப்புக்கு லாயக்கில்லை’ என்ற எண்ணமும் ஒரு பழக்கம்தான். ஜேம்ஸ் சொன்ன அதே நரம்புகளில்தான் அதுவும் பதிகிறது.

நாடு திருத்திக்கொண்டு வருகிறது. பிஎஸ்எல்இயில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012இல் நிறுத்தியது. மதிப்பீட்டு முறை மாறும் என்று 2013 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். 2021இல் டி-ஸ்கோர் போய், அதன் இடத்தில் அடைவுநிலைகள் வந்தன. இப்போது 80 எடுத்தால் மூன்றாம் அடைவுநிலை. மற்றவர்கள் எவ்வளவு எடுத்தாலும் அது மூன்றாம் நிலையே. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கலாம். இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு பழக்கத்தை ஊட்டிய அளவுகோல் போனதாலேயே பழக்கம் போய்விடாது. ‘உன் கூட்டாளி எத்தனை?’ என்ற கேள்வி இன்னும் பள்ளி வாசலில் பிள்ளைகளை எதிர்கொள்கிறது.

இந்த அவையில் தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பேச்சு குறைப்பட்டுவிடும். நான் இந்த மரபைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் இது மூன்றுக்கு மேல் இருந்தது. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பள்ளியில் பாடம் உண்டு, தேர்வு உண்டு, நாளிதழ் உண்டு, வானொலி உண்டு. இத்தனை இருந்தும் ஏன் குறைகிறது? டிட்செனரின் வழியில் நாம் தமிழைக் கற்பித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஐயம். வேற்றுமை உருபு, ஒற்று, இணைமொழி, பழமொழி என்று கூறுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறோம். பிள்ளையும் பிழையில்லாமல் நிரப்பி நல்ல அடைவுநிலை வாங்கிவிடுகிறான். பள்ளி மணி அடித்ததும் அந்த மொழிக்கு வேலையில்லை. வேலையில்லாத எதையும் நரம்பு வைத்துக்கொள்வதில்லை.

இதைக் கல்வியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அப்போது நம்மில் சிலருக்கு அது உறுத்தியது. எழுத்துத்தமிழின் தூய்மை என்னாகும் என்று கவலைப்பட்டோம். டூயியின் பிள்ளைகள் சமையலிலிருந்து கணக்குக்குப் போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பேச்சிலிருந்துதான் எழுத்துக்குப் பாதை. தாய்மொழிகளை மறுஆய்வு செய்து 2011இல் வெளியான அறிக்கையும், மாணவர்கள் மொழியை வாழ்க்கையில் பயன்படுத்துபவர்களாக வேண்டும் என்றே வற்புறுத்தியது. பின்னர் வாய்மொழித் தேர்வில் படத்துக்குப் பதில் காணொளி வந்தது. நல்ல அடிகள். ஆனால் ஆசிரியரிடம் தமிழுக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நம்மிடம்தான் இருக்கிறது.

பெற்றோர்களிடம் நான் கேட்பது இதுதான். தமிழில் பேசு என்று பிள்ளையை அதட்டாதீர்கள். தமிழால் மட்டுமே நடக்கும் ஒரு வேலையை அவன் கையில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு அழைத்துப் போய், கீரைக்காரரிடம் அவனே கேட்டு வாங்கட்டும். நீங்கள் நான்கடி தள்ளி நில்லுங்கள். அவன் திணறுவான், ஆங்கிலத்துக்குத் தாவுவான், சைகை காட்டுவான். தலையிடாதீர்கள். ‘முளைக்கீரை’ என்ற சொல் வாயில் வராமல் அவன் நிற்கும் அந்த நொடியில்தான் மனம் வேலை செய்கிறது. ஊரில் இருக்கும் பாட்டிக்கு வாரம் ஒருமுறை அவனே அழைத்துப் பேசட்டும். பாட்டியின் மருந்து தீர்ந்ததா என்று கேட்டு உங்களுக்குச் சொல்வது அவன் பொறுப்பாக இருக்கட்டும். ஒரு வாரம்கூட விட்டுப்போகக் கூடாது. ரசம் வைக்க, கோலம் போட, பூத்தொடுக்கச் சொல்லிக்கொடுப்பதானால் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். அந்த வேலை பழக்கமாகும்போது அதற்குரிய சொற்களும் கூடவே பழக்கமாகிவிடும்.

தாத்தா பாட்டிகளே, பேரப்பிள்ளையின் தமிழில் பிழை வந்தால் சிரிக்காதீர்கள். உடனே திருத்தவும் வேண்டாம். அவன் சொல்ல வந்தது உங்களுக்குப் புரிந்துவிட்டதென்றால் அவனுடைய தமிழ் தன் வேலையைச் செய்துவிட்டது. பதில் சொல்லும்போது சரியான வடிவத்தை நீங்கள் பேசுங்கள், போதும்.

ஆசிரியர்களே, உங்கள் பளு எனக்குத் தெரியும். அடுத்த தவணையில் ஒரு பயிற்சித்தாளை மட்டும் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பிள்ளைகளை இந்தச் சிராங்கூன் சாலைக்கு அழைத்து வாருங்கள். கடைக்காரர்களிடம் பேசி, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எப்படித் தொழில் பழகினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வகுப்பில் வந்து சொல்லட்டும். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.